ஆச்சரியக்குறி போட்ட விலாசம்

"உங்கள் விலாசம் என்ன?"

1982-ம் ஆண்டில் அமெரிக்காவில் ஒரு கம்ப்யூட்டர் நிபுணரிடம் இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால், அவர் தெருப்பெயர் சொல்லியிருக்க மாட்டார். ஊர்ப்பெயரும் சொல்லியிருக்க மாட்டார். வழி சொல்லியிருப்பார்!

"முதலில் ஐ.எச்.என்.பி.4-க்குப் போக வேண்டும். அங்கிருந்து யூ.சி.பி.வாக்ஸ். அங்கே போய் என் பெயரைச் சொன்னால் போதும்."

இதுதான் விலாசம். ஐ.எச்.என்.பி.4, யூ.சி.பி.வாக்ஸ் என்பவை ஊர்கள் அல்ல, கம்ப்யூட்டர்களின் பெயர்கள். ஒரு பெயருக்கும் அடுத்த பெயருக்கும் நடுவே ஓர் ஆச்சரியக்குறி போடுவார்கள். ஏழு, எட்டுக் கம்ப்யூட்டர்களைத் தாண்ட வேண்டிய கடிதம் என்றால் ஏழு, எட்டு ஆச்சரியக்குறிகள் வரிசையாக நிற்கும். பார்த்தால், எழுதியவர் எதையோ கண்டு அலறுகிறாரோ என்று தோன்றும். அந்தக் குறிக்கு அவர்கள் வைத்திருந்த பட்டப்பெயர் "பாங்". அதாவது, வெடிச் சத்தம்!

இன்று நாம் கைபேசியில் ஒரு முறை தட்டுகிறோம். கடிதம் கடல் தாண்டிப் போய்விடுகிறது. நடுவில் எத்தனை யந்திரங்கள், எந்த வழி என்று யாரும் கவலைப்படுவதில்லை. அன்று அப்படி அல்ல. எழுதுகிறவரே வழி தேட வேண்டும். எல்லோரும் நல்ல வழி தேடியதால், ஒரு சில யந்திரங்களின் தலையில் மட்டும் மூட்டை மூட்டையாகத் தபால் வந்து விழுந்தது. அந்தப் பாரத்தை இறக்க அவர்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சம் அல்ல.

ராத்திரியில் மணி அடிக்கும்

பெல் ஆராய்ச்சிக் கூடம் அந்தக் காலத்தில் அமெரிக்க டெலிபோன் கம்பெனிக்குச் சொந்தமாக இருந்தது. யூனிக்ஸ் என்ற புகழ்பெற்ற கம்ப்யூட்டர் ஏற்பாடு 1969-ல் அங்கேதான் பிறந்தது. அதில் இயங்கிய யந்திரங்கள் பெருகிக்கொண்டே போயின. ஒரு யந்திரத்தில் திருத்தம் செய்தால், அதையே மற்ற யந்திரங்களிலும் செய்ய வேண்டும். ஒவ்வோர் இடமாக யார் நடப்பது?

மைக் லெஸ்க் என்ற விஞ்ஞானி 1976-ல் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். ஒரு கம்ப்யூட்டர் இன்னொரு கம்ப்யூட்டருக்கு டெலிபோன் செய்யும். கொடுக்க வேண்டியதைக் கொடுக்கும். வாங்க வேண்டியதை வாங்கும். டெலிபோனை வைத்துவிடும். யூ.யூ.சி.பி. என்று அதற்குப் பெயர். "யூனிக்ஸிலிருந்து யூனிக்ஸுக்கு நகல்" என்பதன் சுருக்கம்.

1979-ல் இது யூனிக்ஸோடு சேர்ந்து வெளியே வந்தது. பல்கலைக்கழகங்கள் எடுத்துக்கொண்டன. கம்பெனிகள் எடுத்துக்கொண்டன. கடிதப் போக்குவரத்து சூடு பிடித்தது.

பகலில் வெளியூர் டெலிபோன் கட்டணம் அதிகம். இரவில் குறைவு. ஆகவே கடிதங்கள் பகல் முழுவதும் காத்திருக்கும். ஊர் உறங்கிய பிறகு கம்ப்யூட்டர் எண்ணைச் சுழற்றும். கடிதம் அடுத்த யந்திரத்துக்குப் போகும். அது தனக்கு அல்ல என்று தெரிந்தால், அந்த யந்திரம் மூன்றாவது யந்திரத்துக்கு அனுப்ப எடுத்து வைக்கும். அதற்கு மறுநாள் இரவு ஆகலாம். இப்படி ஐந்து யந்திரங்களைத் தாண்ட ஐந்து நாள் ஆனாலும் ஆச்சரியம் இல்லை. சாதாரணத் தபால்காரர் முந்திக்கொண்டு வந்துவிடுவார்!

வேகமும் அப்படித்தான். அந்த நாளைய மோடம் ஒன்று, விநாடிக்கு 30 எழுத்து அனுப்பும். 2,000 எழுத்துள்ள ஒரு கடிதத்துக்கு ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆகும். பிறகு விநாடிக்கு 120 எழுத்து அனுப்பும் மோடம் வந்தது. அப்போதும் ஒரு கடிதத்துக்கு 17 விநாடி. ஆயிரம் கடிதம் சேர்ந்தால் கணக்குப் போட்டுப் பாருங்கள். கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் டெலிபோனைக் கீழே வைக்க முடியாது.

இந்த வலைக்குத் தலைவர் கிடையாது. தலைமைக் காரியாலயம் கிடையாது. சேர வேண்டும் என்றால், ஏற்கெனவே சேர்ந்திருக்கும் ஒருவர் "சரி, என் யந்திரத்துக்கு டெலிபோன் செய்துகொள்ளுங்கள்" என்று சொன்னால் போதும். டெலிபோன் செலவு? யார் கூப்பிடுகிறாரோ அவருடையது. வேறு யாரோ, வேறு யாருக்கோ எழுதிய கடிதத்தைக் கடத்திவிடும் செலவும் அவருடையதுதான். தபால்தலை ஒட்டாத தபால்! வம்பின் விதை இங்கேதான் இருந்தது.

மூன்று ஜங்ஷன்கள்

எல்லா ரயில் நிலையங்களும் ஜங்ஷன் ஆகிவிடுவதில்லை. கம்ப்யூட்டர் வலையிலும் அதே கதைதான். ஒரு சில யந்திரங்கள் தாராள மனசோடு நிறையப் பேருக்குத் தொடர்பு கொடுத்தன. அவை ஜங்ஷன் ஆயின.

முதலாவது, மேலே சொன்ன ஐ.எச்.என்.பி.4. சிகாகோ நகருக்குப் பக்கத்தில் நேப்பர்வில் என்ற ஊரில் பெல் ஆராய்ச்சிக் கூடத்தின் கிளை ஒன்றில் இருந்தது. டெலிபோன் கம்பெனியின் யந்திரம். டெலிபோன் பில்லைப் பார்த்து மற்றவர்களைப் போல அது மயங்கி விழ வேண்டியதில்லை. ஏராளமான யந்திரங்கள் அதோடு தொடர்பு வைத்துக்கொண்டன.

இரண்டாவது, டெக்வாக்ஸ். நியூஹாம்ஷயர் மாநிலத்தில், டிஜிட்டல் எக்விப்மென்ட் என்ற கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்தது. கிழக்குக் கரையிலிருந்து மேற்குக் கரைக்குப் போகும் நெடுந்தூர டெலிபோன் செலவை இந்தக் கம்பெனி ஏற்றுக்கொண்டது. வலையில் இருந்தவர்களில் பலர் அதன் யந்திரத்தை வாங்கிய வாடிக்கைக்காரர்கள். வாடிக்கைக்காரருக்கு வெற்றிலை பாக்கு கொடுப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவதுதான் வேடிக்கை. அதன் பெயர் சைஸ்மோ. விர்ஜீனியா மாநிலத்தில் ஆர்லிங்டன் நகரில், பூகம்ப ஆராய்ச்சி நிலையத்தில் இருந்த யந்திரம். பூமி எங்கே குலுங்குகிறது என்று கவனிப்பது அங்கே வேலை. பூகம்பம் மட்டும் அல்ல. ஏதாவது ஒரு நாடு பூமிக்கு அடியில் அணுகுண்டு வெடித்தால் அந்த அதிர்ச்சியையும் கண்டுபிடிக்க வேண்டும். அணுகுண்டுக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்த யந்திரம், ஒழிந்த நேரத்தில் ஊரார் கடிதங்களைச் சுமந்தது!

சைஸ்மோவுக்கு இன்னொரு பெருமை உண்டு. அரசாங்கப் பணத்தில் நடந்த ஆர்ப்பாநெட் என்ற வலையிலும் அது இருந்தது. ஏழைகளின் வலையாகிய யூ.யூ.சி.பி.யிலும் இருந்தது. இந்த வலைக்கும் அந்த வலைக்கும் அது பாலம். அதோடு, அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் ஆம்ஸ்டர்டாம் நகரில் இருந்த எம்.சி.வாக்ஸ் என்ற யந்திரத்தோடும் பேசியது. ஐரோப்பாவின் கடிதங்கள் அந்த வழியாக வந்தன.

அந்தக் காலத்து விசிட்டிங் கார்டுகளில் இந்தப் பெயர்களை அடைப்புக்குறிக்குள் வரிசையாகப் போட்டிருப்பார்கள். "இவற்றில் உங்களுக்கு எது பக்கமோ, அந்த வழியாக எழுதுங்கள்" என்று அர்த்தம். நல்ல யோசனைதான். ஆனால் எல்லோருடைய கார்டிலும் அதே நாலைந்து பெயர்கள்!

வழி சொல்லும் கணக்கு

வலை பெரிதாகப் பெரிதாக வழி தேடுவது சங்கடமாயிற்று. எந்த யந்திரம் எதோடு பேசுகிறது என்று யாருக்கு ஞாபகம் இருக்கும்? ஆகவே தொண்டர்கள் ஒரு வரைபடம் தயாரித்தார்கள். ஒவ்வொரு நிலையமும் தன் பக்கத்து யந்திரங்களின் பெயர்களையும், எத்தனை நேரத்துக்கு ஒரு தரம் டெலிபோன் செய்கிறது என்பதையும் எழுதி அனுப்பும். அவற்றைத் தொகுத்து மாதாமாதம் வெளியிட்டார்கள். 1986 வாக்கில் அந்த வரைபடத்தில் 5,000-க்கு மேற்பட்ட கம்ப்யூட்டர்கள் இருந்தன.

வரைபடத்தைப் பார்த்து வழி கண்டுபிடிக்க ஒரு கணக்குத் திட்டம் வந்தது. "பாத் அலையஸ்" என்று பெயர். ஸ்டீவ் பெல்லோவின் முதலில் எழுதினார். பீட்டர் ஹனிமேன் அதை வளர்த்தார். அதன் உயிர்நாடி, எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா என்ற ஹாலந்து நாட்டு மேதை கண்டுபிடித்த குறுக்குவழிக் கணக்கு.

டைக்ஸ்ட்ரா 1956-ல் ஆம்ஸ்டர்டாமில் வருங்கால மனைவியோடு கடைவீதி சுற்றினார். கால் வலித்தது. காப்பி குடிக்க உட்கார்ந்தார். ராட்டர்டாமிலிருந்து க்ரோனிங்கனுக்குப் போக மிகக் குறுகிய வழி எது என்று யோசித்தார். காகிதம் இல்லை, பென்சில் இல்லை. இருபது நிமிஷத்தில் மனசிலேயே கணக்கை முடித்துவிட்டார்! ஹாலந்தின் 64 ஊர்களைக் கொண்ட படத்தில் ஒரு புதிய கம்ப்யூட்டர் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டியது. அப்போது அவர் வேலை பார்த்தது ஆம்ஸ்டர்டாம் கணித நிலையத்தில். பின்னாளில் எம்.சி.வாக்ஸ் யந்திரம் இருந்ததும் அதே நிலையத்தில்தான். 'எம்.சி.' என்ற எழுத்துக்களே அந்த நிலையத்தின் பெயர்ச் சுருக்கம்.

சரி, கம்ப்யூட்டர் தபாலில் தூரத்தை எப்படி அளப்பது? மைல் கணக்கு உதவாது. சிகாகோவுக்கு மணிக்கு ஒரு தரம் டெலிபோன் போகிறது. பக்கத்துத் தெருவுக்கு வாரம் ஒரு தரம்தான் போகிறது என்றால், சிகாகோதான் பக்கம்! ஆகவே காத்திருக்கும் நேரத்தை வைத்து எண்கள் போட்டார்கள். ஒரே கட்டடத்துக்குள் இருந்தால் 25. கடிதம் வந்தவுடன் கூப்பிடும் தொடர்பு 300. மணிக்கு ஒரு தரம் என்றால் 500. சாயங்காலத்துக்குப் பிறகு மட்டும் என்றால் 1,800. நாளுக்கு ஒரு தரம் 5,000. வாரம் ஒரு தரம் 30,000. எந்த வழியில் கூட்டுத்தொகை குறைவோ, அதுவே நல்ல வழி.

இங்கே கொஞ்சம் நின்று பாருங்கள். நாளுக்கு 24 மணி. மணிக்கு ஒரு தரம் 500 என்றால், நாளுக்கு ஒரு தரம் 12,000 அல்லவா இருக்க வேண்டும்? ஏன் 5,000?

காரணம் இருக்கிறது. 12,000 என்று வைத்தால், ஒரு நாள் காத்திருப்பதற்குப் பதிலாக இருபது யந்திரங்களைச் சுற்றிப் போவதே மேல் என்று கணக்கு சொல்லும். இருபது கை மாறினால் என்ன ஆகும்? ஒரு யந்திரம் பழுதாகியிருக்கும். ஒன்றில் இடம் இருக்காது. ஒன்றின் டெலிபோன் கெட்டிருக்கும். கடிதம் காணாமல் போகும். அதனால்தான் பத்து மடங்கோடு நிறுத்தினார்கள். பத்துக் கைக்கு மேல் மாற வேண்டுமானால், பேசாமல் ஒரு நாள் காத்திரு! அனுபவப்பட்டவர் போட்ட கணக்கு என்று இதிலிருந்தே தெரிகிறது.

எல்லோருக்கும் ஒரே வழி

இத்தனை புத்திசாலித்தனமான கணக்கில் ஓர் ஓட்டை இருந்தது. காத்திருக்கும் நேரத்தை அது அளந்தது, கூட்டத்தை அளக்கவில்லை. நேப்பர்வில் யந்திரத்தில் இன்று ராத்திரி எத்தனை கடிதம் குவிந்து கிடக்கிறது என்பது மாதம் ஒரு முறை வரும் வரைபடத்துக்கு எப்படித் தெரியும்?

எல்லோரிடமும் ஒரே வரைபடம். எல்லோரிடமும் ஒரே கணக்கு. விடையும் ஒன்றேதான். நிறையத் தொடர்பு வைத்து, அடிக்கடி டெலிபோன் செய்த தாராள மனசுக்காரர்களின் தலையில் எல்லாம் வந்து விழுந்தது. முன்பு ஆளுக்கு ஒரு வழியாக, ஞாபகத்தில் இருந்ததை எழுதினார்கள். வழி கோணலாக இருந்தாலும் பாரம் பரவியிருந்தது. இப்போது கணக்கு வந்து எல்லோரையும் ஒரே கதவில் கொண்டுபோய் நிறுத்தியது.

ஜங்ஷன் யந்திரங்கள் திணறின. பழைய ஏற்பாட்டில், அனுப்ப வேண்டிய கடிதங்கள் எல்லாம் ஒரே அறையில் கொட்டிக் கிடக்கும். பத்துக் கடிதம் இருந்தால் பரவாயில்லை. ஆயிரக்கணக்கில் சேர்ந்தால், ஒவ்வொரு முறையும் அத்தனையையும் துழாவித்தான் ஒரு ஊருக்கு உரியதை எடுக்க வேண்டும். அனுப்பும் நேரத்தை விடத் தேடும் நேரம் அதிகமாகிவிடும்! 1983-ல் ஹனிமேன், டேவிட் நோவிட்ஸ், பிரையன் ரெட்மன் மூவரும் சேர்ந்து யூ.யூ.சி.பி.யைத் திருத்தி எழுதினார்கள். ஒவ்வொரு பக்கத்து யந்திரத்துக்கும் தனித்தனி அறை ஒதுக்கினார்கள். தபால் பிரிக்கும் இடத்தில் ஊருக்கு ஒரு பெட்டி வைத்திருப்பார்களே, அதே முறை. கம்ப்யூட்டர்காரர்களுக்கும் அது தேவைப்பட்டது.

அது தேடும் வேலையைக் குறைத்தது. வந்து விழும் தபாலைக் குறைக்கவில்லை. அதற்கு வேறு உபாயங்கள் செய்தார்கள்.

பாத் அலையஸ் கணக்கில், ஒரு குறிப்பிட்ட யந்திரத்தின் மேல் கூடுதல் எண் ஏற்றி வைக்க வழி செய்தார்கள். நேப்பர்வில் நெரிசலாக இருக்கிறதா? உங்கள் ஊர்க் கணக்கில் அதன் எண்ணை உயர்த்துங்கள். உடனே கணக்கு வேறு வழி காட்டும். ஒரு தொடர்பு செத்துவிட்டதாகவும் எழுதி வைக்கலாம். சாதாரணமாக அந்தப் பக்கம் கடிதம் போகாது.

வரைபடத்துக்கு விவரம் அனுப்பும் நிலையங்களின் கையிலும் ஆயுதம் இருந்தது. மணிக்கு ஒரு தரம் பேசும் நிலையம், நாளுக்கு ஒரு தரம் பேசுவதாக எழுதினால் அந்நியர் தபால் நின்றுவிடும். தொடர்பையே எழுதாமல் விட்டாலும் யாருக்கும் தெரியாது. இது பொய்தான். ஆனாலும், ஊருக்கெல்லாம் இலவசமாகச் சுமை தூக்கி முதுகு ஒடிந்தவன், "இன்று கடை அடைப்பு" என்று பலகை மாட்டினால் அவனை யார் குறை சொல்ல முடியும்?

அடுத்தவர் உறையில் கை வைக்கலாமா?

இன்னொரு சண்டையும் மூண்டது. ஜனங்கள் பழைய வழிகளைக் கண்மூடித்தனமாக எழுதினார்கள். சுற்றி வளைத்து, பிறர் செலவில் போகும் வழிகள். சில பெரிய நிலையங்கள், "இந்த வழி எதற்கு? எனக்குக் குறுக்குவழி தெரியும்" என்று, உறையில் எழுதிய வழியை அடித்துவிட்டுத் தங்கள் வழியில் அனுப்பின.

எழுதியவர்களுக்குக் கோபம் வந்தது. "நெரிசலைத் தவிர்க்கத்தானே நான் வேண்டுமென்றே சுற்று வழி எழுதினேன்? அதை மாற்ற நீ யார்?"

கோபத்தில் நியாயம் இருந்தது. பெயர்க் குழப்பம் வேறு. கம்ப்யூட்டருக்குப் பெயர் வைக்க யாரிடமும் அனுமதி வாங்க வேண்டாம். "பில்போ" என்ற கதாபாத்திரத்தின் பெயர் பல கம்ப்யூட்டர்காரர்களுக்குப் பிடித்த பெயர். ஒரே பெயரில் இரண்டு யந்திரங்கள் வந்துவிட்டன. முழு வழியும் உறையில் இருக்கும் வரை ஆபத்து இல்லை. இந்தத் தெரு ராமசாமி, அந்தத் தெரு ராமசாமி என்று தெரிந்துவிடும். நடுவில் ஒருவர் வழியைச் சுருக்கினால்? ஒருவருக்கு எழுதிய அந்தரங்கம் இன்னொருவர் வீட்டில் போய் நிற்கும்!

கட்டணம் வந்தது

இலவசச் சுமை எத்தனை காலம் ஓடும்? சைஸ்மோவைக் கவனித்து வந்த ரிக் ஆடம்ஸ் இதற்கு ஒரு முடிவு கட்டினார். பூகம்பம் பார்க்க வேண்டிய யந்திரம் தபால் பார்த்துக்கொண்டிருந்தால் சரிப்படுமா? யூனிக்ஸ் உபயோகிப்பவர்களின் சங்கமாகிய யூஸ்னிக்ஸ், முதல் உதவி செய்தது. 1987-ல் "யூ.யூ.நெட்" பிறந்தது. தபாலைச் சுமப்பதற்கென்றே ஒரு நிலையம். சந்தா கட்டுகிறவர்களுக்குச் சேவை. கூட்டம் அதிகமானால் வருமானம் அதிகமாகும். அந்த வருமானத்தில் இன்னும் மோடம் வாங்கலாம். பாரமே பலமாக மாறியது.

நம் நாட்டுக்கும் இந்த யூ.யூ.நெட்டோடு உறவு உண்டு. மத்திய அரசின் மின்னணுத் துறை 1986-ல் எர்நெட் என்ற கல்வி, ஆராய்ச்சி வலையைத் தொடங்கியது. சென்னை ஐ.ஐ.டி.யும் அதில் ஆரம்பம் முதல் பங்கு பெற்றது. 1989-ல் பம்பாயில் இருந்த தேசிய மென்பொருள் தொழில்நுட்ப நிலையத்திலிருந்து யூ.யூ.நெட்டுக்கு நேர்த் தொடர்பு கிடைத்தது. சென்னைப் பேராசிரியர் அமெரிக்காவுக்கு எழுதிய கடிதம் பம்பாய் ஜங்ஷன் வழியாகப் போயிற்று.

பெயர் வேறு, வழி வேறு

இதற்குள் அரசாங்க வலைக்காரர்கள் வேறு ஒரு முறையைக் கொண்டுவந்துவிட்டார்கள். பால் மொக்கபெட்ரிஸ் 1983-ல் கம்ப்யூட்டர்களுக்குப் பெயர் கொடுக்கும் ஒழுங்கான திட்டம் ஒன்றை வகுத்தார். அதன் மேல் கிரெய்க் பார்ட்ரிட்ஜ் 1986-ல் ஒரு தபால் விதியை எழுதினார்.

விதி மிகவும் எளிது. ஒவ்வொரு நிலையமும் தன் தபாலை வாங்கிக்கொள்ளும் யந்திரங்களின் பட்டியலை ஊரறிய எழுதி வைக்கும். ஒவ்வொரு யந்திரத்துக்கும் ஓர் எண். சின்ன எண் உள்ள யந்திரத்துக்கு முதலில் போ. அது வாய் திறக்காவிட்டால் அடுத்த எண்ணுக்குப் போ. அனுப்புகிறவர் வழியை எழுத வேண்டாம். பெயரை எழுதினால் போதும். நேராக வலையில் சேர வசதி இல்லாத சின்ன நிலையம்கூட, "என் தபாலை யூ.யூ.நெட்டில் கொடுங்கள், நான் ராத்திரி வாங்கிக்கொள்கிறேன்" என்று எழுதி வைக்கலாம். உலகத்துக்கு அது தெரிய வேண்டியதே இல்லை. 1990-களில் விசிட்டிங் கார்டுகளிலிருந்து ஆச்சரியக்குறிகள் மறைந்தன.

பார்க்க வேண்டிய விஷயம் ஒன்று. பாரம் யார் மேல் விழ வேண்டும் என்பதை முன்பு கடிதம் எழுதுகிறவர் தீர்மானித்தார். பிறகு வரைபடம் தீர்மானித்தது. இப்போது தபாலை வாங்குகிறவரே தீர்மானிக்கிறார். சுமக்கப் போகிறவன் அவன்தானே!

இரண்டு யந்திரங்களுக்கும் ஒரே எண் போட்டால்? 1989-ல் வந்த விதி அதற்கும் பதில் சொன்னது. அனுப்பும் யந்திரம் சீட்டுக் குலுக்கிப் போட்டு ஒன்றை எடுக்க வேண்டும். ஆயிரம் பேர் குலுக்கினால், சுமாராகப் பாதி இங்கே, பாதி அங்கே. டெலிபோன் பில்லும் இல்லை, வரைபடமும் இல்லை, சண்டையும் இல்லை.

அந்த விதி இன்றும் நடைமுறையில் இருக்கிறது. நேற்று ராத்திரி நீங்கள் மகனுக்கு அனுப்பிய கடிதத்துக்கும் எங்கோ ஒரு யந்திரம் சீட்டுக் குலுக்கியிருக்கலாம். இரண்டில் எதன் வாசலில் அது போய் இறங்கியது என்பது உங்களுக்கும் தெரியாது, மகனுக்கும் தெரியாது.